24 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள்: டர்பனில் காணாமல் போன ஒரு தாத்தாவின் நான்கு நாட்கள்

இதை எழுத அந்தக் குடும்பம் சம்மதித்திருக்கிறது, பெயர்கள் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்தக் காவல் நிலையம், எந்த மருத்துவமனை, எங்கள் பகுதியின் பெயர் என்ன என்பதையும் நான் எழுதவில்லை. இது நடந்த தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில் இருக்கிறவர்கள் ஊகித்தாலும் அதை வெளியே சொல்ல வேண்டாம். நான் எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அந்த நான்கு நாட்களும் தேடலை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் கீழே வரும் தவறுகளில் என்னுடையவையும் இருக்கின்றன.

பின்னணி

தாத்தாவுக்கு அப்போது 82 வயது. பிறந்து வளர்ந்தது மேகசின் பேரக்ஸில். சோம்ட்சு ரோட்டை ஒட்டி, நகராட்சி தன்னுடைய இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்த இடம் அது; தமிழும் தெலுங்கும்தான் அங்கே அதிகம் கேட்கும். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ், அந்த மக்களைக் கிளப்பி நகரத்துக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். தாத்தா அப்போது கல்யாணம் ஆகாத வாலிபர். வீடு மாறினாலும் வேலை நகரத்திலேயேதான் இருந்தது. கார்ப்பரேஷனில் 34 வருடம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குள் பஸ் பிடித்துவிடுவார் என்று அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன் (அக்கா என்று நான் எழுதுவது அவருடைய மூத்த மகளை).

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. கடைசி ஒரு வருடத்தில் அவரிடமிருந்து ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனது. வாழ்நாள் முழுக்க இரண்டு பாஷையும் பேசியவர், கடைசியில் சிறுவயதுத் தமிழ் ஒன்றே மிஞ்சி நின்றது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குப் புரியும், பேச வராது. எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. நான் வீட்டுக்குப் போனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், பதில் சொல்கிற ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அது.

அக்கம்பக்கத்தில் யாருக்கும் நோயின் அளவு தெரியாது. "கொஞ்சம் மறதி, வயசாச்சு" என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். அதற்கு முன்பே இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார், அதையும் வெளியே சொல்லவில்லை. குடும்பத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பைத்தியம் என்று பேசிவிடுவார்களோ என்ற பயம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்று நமக்கே தெரியும்.

சனிக்கிழமை: வீட்டிலும் சார்ஜ் ஆபீஸிலும்

அன்று முதல் புரட்டாசி சனி. விடியும் முன்பே சமையல் தொடங்கிவிட்டது. தேங்காயும் வாழை இலையும் கொடுக்க வந்த உறவினர் பக்கியை (சின்னச் சரக்கு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பின்னால் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கேட் முழுதாக மூடவில்லை. எதிர் வீட்டு கேமராவில் தாத்தா வெளியே வருவது 5:52 மணிக்குப் பதிவாகியிருக்கிறது. பழுப்பு ஸ்வெட்டர், வீட்டுச் செருப்பு. தெருமுனையில் நின்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போகிறவர் பாஸ் இருக்கிறதா என்று பார்ப்பது போல. அந்தப் பன்னிரண்டு விநாடிகளை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

விளக்கேற்றக் கூப்பிடப் போனபோதுதான், ஏழு மணிக்கு, அவர் அறையில் இல்லை என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் வீட்டார் தாங்களே தெருத்தெருவாகத் தேடினார்கள். 8:40க்கு அக்காவும் அவர் கணவரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள்.

சார்ஜ் ஆபீஸில், அதாவது நிலையத்தில் புகார் வாங்கும் முன்பகுதியில், நடந்ததை அக்கா அன்றே என்னிடம் சொன்னார், நான் எழுதி வைத்துக்கொண்டேன். கவுண்டரில் ஒரே ஒரு இளம் கான்ஸ்டபிள். பின்னால் அஃபிடவிட்டில் கையெழுத்து வாங்க ஏழெட்டுப் பேர் வரிசை. "பெரியவர்தானே, 24 மணி நேரம் பார்க்க வேண்டும், அதற்குள் வராவிட்டால் நாளைக்கு வாருங்கள்" என்றார். அவருக்கு நினைவு இல்லை, சொந்த வீட்டு எண்ணே தெரியாது என்று அக்கா சொன்னதற்கு, யாராவது தெரிந்தவர் வீட்டில் இருப்பார் என்று பதில். ஃபோன் நம்பரை மட்டும் ஒரு பழைய ஃபாரத்தின் பின்பக்கம் எழுதி, அதை ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். புத்தகத்தில் பதிவு இல்லை, நம்பர் இல்லை, படம் வாங்கவில்லை.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் நம்புகிற ஒரு பொய் இது. தென்னாப்பிரிக்காவில் காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க எந்தக் காத்திருப்பு நேரமும் கிடையாது. 24 மணி நேரமும் இல்லை, 48 மணி நேரமும் இல்லை. போலீஸ் துறையே பொதுமக்களுக்குத் தரும் அறிவுரையில் உடனே, பக்கத்தில் இருக்கிற நிலையத்தில் சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது. சமீபத்தில் எடுத்த படம் ஒன்று, உடுத்தியிருந்த உடை, கடைசியாகப் பார்த்த இடம், போகக்கூடிய இடங்கள், இவற்றைக் கொண்டுபோக வேண்டும். எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கப் போலீஸ் துறை) 55(ஏ) என்று ஒரு ஃபாரம் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால்தான் படத்தை வெளியிட போலீஸுக்கு அனுமதி கிடைக்கும், பொய்ப் புகாரிலிருந்து அவர்களுக்கும் அது பாதுகாப்பு. பதிவானால் தகவல் 1994-ல் தொடங்கிய காணாமல் போனோர் பிரிவு வரைக்கும் போகும். பதிவாகாவிட்டால் எங்கும் போகாது. நாங்கள் பட்டதெல்லாம் இந்த ஒன்றால்தான்.

9:15க்கு அக்கா எனக்கு ஃபோன் செய்தபோது இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. "சரி அக்கா, நாளைக்குப் போய்க்கொள்ளலாம், அதுவரை நாமே தேடுவோம்" என்று சொன்னது நான். பகுதியில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற ஆள் நான், நானே அப்படிச் சொன்னதால் அவர்களும் திரும்பி நிலையத்துக்குப் போகவில்லை.

நாங்கள் தேடிய விதம்

பதினோரு மணிக்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கோயிலிலிருந்து, வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து, பக்கத்து மசூதியிலிருந்தும் பத்துப் பேர், ஒரு தனியார் செக்யூரிட்டிக்காரர்கள் தங்கள் காரோடு. பெண்கள் சமைத்து வைத்திருந்த பூஜைச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்துத் தேடுகிறவர்களுக்கு அனுப்பினார்கள். மனசு நிறைந்தது. ஆனால் அத்தனை ஆட்களை வைத்துக்கொண்டு எங்கே தேடினோம் என்று பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு பையன், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு தாத்தாவைப் பார்த்தேன் என்று குரல் பதிவு அனுப்பினான். எத்தனை மணிக்கு, என்ன நிறச் சட்டை என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முப்பது பேரை ஆற்றுப் புதருக்கு அனுப்பினேன், ஆறு மணி நேரம். அந்த முடிவுக்குக் காரணம் இருந்தது: முந்தின நாள் மழை, தண்ணீர் ஏறியிருந்தது, விழுந்திருந்தால் அதுதான் முதலில் உயிரை எடுக்கும். காரணம் சரி. ஆனால் அது ஒன்றுக்கே எல்லோரையும் அனுப்பியதுதான் தப்பு. பையன் பார்த்தது வேறு ஒரு முதியவரை, அவர் தினமும் அங்கே மீன் பிடிக்கிறவர்.

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பேரன் மட்டும் போனான் (இங்கே டாக்ஸி என்றால் பல பேர் சேர்ந்து போகிற மினிபஸ்). அங்கே கேட்டவர்களுக்குத் தெரியவில்லை, காலையில் முதலில் கிளம்பிய வண்டிகள் எல்லாம் ரோட்டில் இருந்தன. நகர மையத்து கேமராக்களைப் பார்க்க முடியுமா என்று தெரிந்த ஒருவர் மூலம் கேட்டோம். கேஸ் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஸ்டேப்ளருக்கு அடியில் ஒரு காகிதம்.

மருத்துவமனைகளுக்கு ஒரு மச்சான் ஃபோன் செய்தார், இரண்டு இடம். தாத்தாவின் பெயரைச் சொல்லி, இந்தப் பெயரில் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். நோட்டில் அதன் பக்கத்தில் சரிபார்த்தாயிற்று என்று டிக் போட்டேன்.

அந்த இரண்டில் ஒன்றில்தான் அவர் படுத்திருந்தார். ஆனால் அங்கே அவருக்குப் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலை ஒன்பது மணிக்கு, 24 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, மறுபடி நிலையத்துக்குப் போனோம். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். வேறு ஆள் டூட்டியில் இருந்தார், நேற்று வந்தோம் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை, காகிதமும் இல்லை. எல்லாம் முதலிலிருந்து சொன்னோம். நடந்ததை எழுதும் பெரிய புத்தகத்தில், ஓ.பி. என்று சொல்வார்களே, அதில் மூன்று வரி எழுதினார். டிடெக்டிவ் திங்கட்கிழமைதான் வருவார், அவர்தான் ஃபாரம் போட வேண்டும் என்றார். ஓ.பி. நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகு அக்காதான் கேட்டார், "தம்பி, நம்மகிட்ட ஒரு துண்டுக் காகிதமாவது குடுத்தாங்களா?"

மதியம் வேறு ஒரு விபரீதம். நாங்கள் பரப்பிய படத்தில் மூன்று பேருடைய செல் நம்பர்களைப் போட்டிருந்தோம். ஒருவன் கூப்பிட்டான், தாத்தா என்னிடம்தான் இருக்கிறார், 5,000 ராண்ட் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன் என்று. பின்னணியில் ஒரு வயசானவர் முனகுகிற சத்தம் வேறு. அக்கா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். அவரிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசச் சொல் என்று நான் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தான். அந்த ஒரு அழைப்பு எங்களுடைய ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரத்தைத் தின்றது, அக்காவின் இரத்த அழுத்தம் ஏறி அவரையே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. போலீஸ் வழியாகப் படம் போனால் அவர்களுடைய நம்பர்தான் அதில் இருக்கும், இந்த மாதிரி ஆட்கள் அங்கே கூப்பிட மாட்டார்கள்.

சாயங்காலம் நல்ல செய்தி ஒன்று வந்தது. பேரன் விடாமல் மறுபடி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போயிருந்தான். ஒரு டிரைவர் படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். சனிக்கிழமை ஆறேகால் போல ஏறினார், "பேரக்ஸ், பேரக்ஸ்" என்றார், எனக்குப் புரியவில்லை, வார்விக்கில் (நகர மையத்தை ஒட்டி பஸ்களும் டாக்ஸிகளும் வந்து சேருகிற இடம்) கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன் என்றார். 100 ராண்ட் நோட்டு கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் நடந்துவிட்டாராம். டேஷ்போர்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த மீதிச் சில்லறையை எடுத்து பேரன் கையில் கொடுத்தார். இரண்டு நாளாக அந்த ஜூலு டிரைவர் அதைத் தனியே எடுத்து வைத்திருந்தார், பெரியவர் திரும்பி வருவார் என்று.

பேரனுக்கு பேரக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். தெருப் பெயர்கள் பல மாறிவிட்ட ஊர் இது; கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட் ஆகிவிட்டது, விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்தா ம்கிஸே ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. தாத்தா தேடிப் போன குடியிருப்போ தரையிலேயே இல்லை. அன்றிரவு பத்துப் பேர் சோம்ட்சு ரோடு முழுக்க டார்ச்சோடு நடந்தோம். அவர் அங்கே விழுந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை: பதிவு

சமூகக் காவல் மன்றத்தின் தலைவரை எனக்குப் பழக்கம். 1995-ம் வருடத்துப் போலீஸ் சட்டத்தின்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் இப்படி ஒரு மன்றம் உண்டு, மக்களும் போலீஸும் சேர்ந்து உட்காருகிற இடம். சனிக்கிழமை காலையிலேயே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போலீஸ் மன்றம் என்றால் திருட்டு விஷயத்துக்குத்தானே என்ற நினைப்பில் ஏனோ அது தோன்றவில்லை. திங்கள் காலை அவர் எங்களோடு வந்தார். கையில் ஒரு கடிதம்: யார், எப்போது வந்து சொன்னது, என்ன பதில் கிடைத்தது, மணி நேரத்தோடு. ஸ்டேஷன் கமாண்டரிடம் நேராகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம்.

அப்புறம் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிற்பகல் 2:30க்கு ஒரு பெண் டிடெக்டிவிடம் கேஸ் போனது. ஐம்பது வயது இருக்கும், அவசரப்படாத ஆள். ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்: சின்ன வயதில் எங்கே இருந்தார், எங்கே வேலை பார்த்தார், எந்த பாஷையில் பேசுவார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கையில் மோதிரமா, உடம்பில் பழைய காயம் உண்டா. இடது முழங்கையில் நீளமான தழும்பு, கார்ப்பரேஷன் காலத்து விபத்து என்று அக்கா சொன்னார். இரண்டரை நாளில் எங்களில் ஒருவருக்கும் அந்தத் தழும்பைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. எங்கள் படத்தில் இருந்தது பேத்தி கல்யாணத்தில் கோட்டும் சூட்டுமாகச் சிரிக்கிற தாத்தா, ஐந்து வருடப் பழசு.

மருத்துவமனைகளுக்கு ஃபோன் செய்தோம் என்றேன். எப்படிக் கேட்டீர்கள் என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெயர் சொல்ல முடியாதவரைப் பெயரால் தேட முடியாது, அடையாளம் தெரியாத ஆண், இந்தியர், எழுபதுக்கு மேல் என்று கேட்க வேண்டும் என்றார். திட்டவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை

காலை 9:40க்கு அந்த டிடெக்டிவிடமிருந்து ஃபோன் வந்தது. பதிவு செய்து 19 மணி நேரம்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு, சோம்ட்சு ரோட்டில் நடைபாதை விளிம்பில் தடுக்கி விழுந்து கிடந்தவரை யாரோ பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிவு. நகர மையத்தை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் "அடையாளம் தெரியாத ஆண்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, வயது என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. மணிக்கட்டுப் பட்டையிலும் அதே.

அவர் வாயை மூடவே இல்லையாம், இரவு முழுக்கப் பேசியிருக்கிறார். தலையில் அடிபட்டு உளறுகிறார் என்றுதான் முதல் நாள் குறித்திருக்கிறார்கள். திங்கள் இரவு வந்த ஒரு நர்ஸ் நம் சமூகத்துப் பெண், தமிழ் பேசத் தெரியாத தலைமுறை. ஆனால் தண்ணி, சாமி, ஆயா மாதிரி சில வார்த்தைகள் அவருடைய பாட்டி வீட்டில் கேட்டவை. தாத்தா "தண்ணி, தண்ணி" என்றதும் அவருக்குப் பொறிதட்டியிருக்கிறது. இது உளறல் இல்லை, இவர் தமிழ்க்காரர் என்று அட்டையில் எழுதிவைத்தார். மறுநாள் காலை டிடெக்டிவ் கேட்டபோது, வார்டில் உடனே பதில் சொன்னதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். தழும்பைப் பார்த்து உறுதி செய்தார்கள்.

நான் உள்ளே போனபோது அவர் கண்ணை மூடியிருந்தார், உதடு வெடித்திருந்தது. "தாத்தா" என்றேன். கண்ணைத் திறந்து, "பஸ் போயிடுச்சாப்பா?" என்று கேட்டார்.

அதன் பிறகு

ஆபரேஷன் வியாழக்கிழமைதான் நடந்தது. யார் என்றே தெரியாத நோயாளி, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று தெரியாது, கையெழுத்துப் போட உறவு இல்லை, அதனால் டாக்டர்கள் காத்திருந்திருக்கிறார்கள். தெரிந்த பிறகு அந்த மாத்திரையை உண்மையிலேயே அவர் சாப்பிட்டுவந்தார் என்பதால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்தார், நடக்கவில்லை. ஏழாவது வாரம் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனார். தாமதத்தால்தான் இறந்தார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். இடுப்பு முறிந்த 82 வயது உடம்பு அது. ஆனால் பெயரில்லாமல், பேசியது யாருக்கும் புரியாமல், மூன்று ராத்திரி ஒரு மனிதர் கிடந்தாரே, அது நடந்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை 8:40க்கு அந்த ஃபாரம் நிரம்பியிருந்தால் அதே 19 மணி நேரக் கணக்கில் ஞாயிறு விடிவதற்குள் அவர் பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள்.

கமாண்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த சனிக்கிழமை ஷிஃப்டில் ஓடக்கூடிய வேன் ஒன்றுதான் இருந்தது, கவுண்டரில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், 24 மணி நேரம் என்பதைத் தனக்கு முந்தினவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்லியிருக்கிறார் என்றார். நான் நம்புகிறேன். இந்த நாட்டில் போலீஸ் ஆட்களைப் பங்கிடும் முறையே ஏழைக் கறுப்பினப் பகுதிகளுக்கு அநியாயம் செய்கிறது என்று கேப் டவுன் பக்கத்து வழக்கில் சமத்துவ நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. எங்களுக்கு ஒரு வேன் என்றால் சில இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் ஃபாரம் எழுத வேன் வேண்டாம், இதைக் கமாண்டரிடமே சொன்னேன், மறுக்கவில்லை.

ஒரு தீர்ப்பையும் அவரிடம் நினைவுபடுத்தினோம். 2010 டிசம்பரில், அப்போது போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட ஊரில், கடற்கரையில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போய் இரவு முழுக்க மணல்மேட்டுப் புதரில் வைத்துக் கொடுமை செய்தார்கள். போலீஸ் தேடத்தான் செய்தது, நாய் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, ஆனால் தேட வேண்டிய விதத்தில் தேடவில்லை. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் 2022-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் போலீஸ் பொறுப்பு என்று சொன்னது. அந்த அம்மா பட்டதோடு எங்கள் விஷயத்தை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் தேடுவதில் கவனக்குறைவு என்பது கோர்ட் வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குடும்பம் வழக்குப் போடவில்லை. போலீஸ் மேல் புகார் என்றதும் சுயேச்சையான விசாரணை அமைப்பான ஐ.பி.ஐ.டி.க்கு எழுதலாம் என்றார்கள் சிலர். அந்த அமைப்பின் வேலை காவலில் மரணம், சித்திரவதை, ஊழல் போன்றவற்றை விசாரிப்பது. சேவை சரியில்லை என்ற புகார் முதலில் நிலையத் தலைமைக்கு, அப்புறம் மாகாண அலுவலகத்துக்கு, அதுவும் பலிக்காவிட்டால் போலீஸ் செயலகத்துக்கு. நாங்கள் மாகாண அலுவலகம் வரைக்கும் எழுதினோம்.

இனி வேறு விதமாகச் செய்வது

முதலில் நான். யாராவது காணோம் என்று ஃபோன் வந்தால் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். இரண்டு பேர் அங்கே போக வேண்டும், ஃபாரத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும், மறுத்தால் டூட்டியில் இருக்கிறவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு அங்கேயே நின்று ஷிஃப்ட் அதிகாரியைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், மன்றத் தலைவருக்கு அதே நிமிடம் தகவல் போக வேண்டும். எண்ணைக் கையில் வாங்காமல் வெளியே வரக்கூடாது. சண்டை வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம், ஆனால் கவுண்டரை விட்டு நகரவும் வேண்டாம்.

தேட வருகிற கூட்டத்தில் நாலு பேரையாவது ஃபோனோடு ஒரு மேசையில் உட்காரவைக்க வேண்டும். தேடலில் பெரிய வேலை அந்த மேசையில்தான் நடக்கிறது, ஆனால் எல்லோருக்கும் காட்டுக்குள் போகத்தான் ஆசை. மருத்துவமனைகளை ஒரு தடவை கேட்டால் போதாது, ஷிஃப்டுக்கு ஒரு தடவை கேட்க வேண்டும், அடையாளம் தெரியாதவர்களைப் பற்றி. அரசுப் பிணவறையையும் கேட்க வேண்டும். அந்த ஃபோனை வீட்டார் செய்யக்கூடாது, வெளியாள் ஒருவர் செய்ய வேண்டும். பார்த்தேன் என்று வருகிற ஒவ்வொரு செய்திக்கும் நேரம், உடை, யார் பார்த்தது என்ற மூன்றையும் கேட்காமல் ஒருவரையும் அனுப்பக்கூடாது. மறதி உள்ளவர் என்றால் பழைய வீடு, பழைய வேலை, பழைய பஸ், முதல் மணி நேரத்திலேயே அங்கே ஒரு கார் போய்விட வேண்டும். படத்தில் சொந்த நம்பர் போடக்கூடாது.

கோயிலில் ஒரு ஃபைல் வைத்திருக்கிறோம். மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம்: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றும் படம், தழும்பு, மாத்திரை, பேசும் பாஷை, சிறுவயதில் இருந்த தெரு. ஆரம்பத்தில் மூன்று குடும்பம்தான் கொடுத்தது, வெட்கம். அக்கா ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து எல்லோர் முன்னாலும் எழுந்து, "என் அப்பாவுக்கு மறதி நோய், நான் அதை மறைத்தேன்" என்று சொன்ன பிறகு பதினான்கு ஆனது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒரு பாடம் படிக்கிறார்கள், வலிக்குதா, பசிக்குதா, தண்ணி வேணுமா, உங்க வீடு எங்கே, இப்படி இருபது வாக்கியம். அதை ஒரு அட்டையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்து மருத்துவமனை வார்டுகளுக்குக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

கிடைத்துவிட்டார் என்று நிலையத்தில் போய்ச் சொல்வதும் குடும்பத்தின் கடமை, அப்போதுதான் பதிவிலிருந்து பெயரை எடுப்பார்கள். அக்கா புதன்கிழமை அதற்காகப் போனார், நான் வெளியே காரில் இருந்தேன். கவுண்டரில் அதே இளம் கான்ஸ்டபிள். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம். உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன் தம்பி, வேறு என்ன சொல்வது என்றார் அக்கா. டாக்ஸிக்காரர் கொடுத்த சில்லறை அவர் கைப்பையில் அப்படியே மடித்தபடி இருந்தது.